‘இருக்கலாம்’ என்ற சொல்லோடு நாலு மாதம்

(எமது கல்லூரியின் நூற்றாண்டை முன்னிட்டு நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னிடம் பேசக் கேட்டபோது ‘குடும்பமும் சுகாதாரமும்’ என்று தலைப்புத் தந்தார். நான் வைத்தியர் அல்ல. முப்பத்திரண்டு வருஷம் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள். வேண்டுமென்றால் பருவக்காற்றைப் பற்றிக் கதைக்கிறேன் என்றேன். அவர் சிரித்துவிட்டு, "இப்ப உங்கட வீட்டில நடக்கிறதைச் சொல்லுங்கோ அக்கா" என்றார். என் கணவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டுதான் வந்திருக்கிறேன். அவர் கடைசி வரிசையில் இருக்கிறார். தயவுசெய்து எல்லோரும் ஒரேயடியாகத் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

எங்கள் வீட்டில் தேங்காய் திருவுவது அவருடைய வேலை. கலியாணம் செய்த புதிதில், நான் முதல் பஸ்ஸைப் பிடித்துப் பாடசாலைக்கு ஓட வேண்டியிருந்த காலத்தில் தொடங்கியது. முப்பத்தைந்து வருஷமாக நிற்கவில்லை. இந்த முறை சித்திரை வருஷப்பிறப்பு முடிந்து சில நாளில், ஒரு காலை குசினிக்குள் போனால் பாதித் தேங்காய் திருவாமல் கிடக்கிறது. "திருவலைப் பல்லு மழுங்கிப் போச்சு" என்றார். நானும் நம்பிப் புதுத் திருவலை வாங்கினேன். அதுவும் மழுங்கிவிட்டது என்றார், மூன்றாம் நாளே.

அதன்பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. சேர்ட் போடுகிறவர் ரீசேர்ட்டுக்கு மாறினார். பொத்தான் பூட்ட முடியவில்லை. சைக்கிளை எடுக்காமல் நடந்து சந்தைக்குப் போனார். பிரேக்கை இறுக்கிப் பிடிக்க முடியவில்லை. இவற்றில் ஒன்றையும் அவர் வாயால் சொல்லவில்லை. ஒரு நாள் மோதிரத்தைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்திருந்ததைக் கண்டபோதுதான் கையைப் பிடித்துப் பார்த்தேன். இரண்டு கைகளிலும் விரல் தொடங்கும் மொளிகள் வீங்கியிருந்தன.

எங்கள் குடும்ப வைத்தியர் இரத்தம் எடுப்பித்தார். ஈ.எஸ்.ஆர். கூடுதலாக இருந்தது. ஆர்.எஃப். என்ற பரிசோதனை மெல்லிய பொசிற்றிவ். "முடக்குவாதமாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்" என்று சொல்லிப் பெரியாஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கடிதம் தந்தார்.

அந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். றூமற்றோயிட் ஆத்திரைற்றிஸ் என்று ஆங்கிலத்தில் சொன்னால் அது ஒரு நோயின் பெயர், அவ்வளவுதான். தமிழில் முடக்குவாதம் என்றவுடன் முடிவையே சொல்லிவிட்ட மாதிரி ஆகிவிடுகிறது. செய்தி கேட்ட அவரின் தமக்கை அழுதுகொண்டு வந்தார். ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டதாக நினைத்திருக்கிறார். அது பாரிசவாதம், இது வேறு என்று விளங்கப்படுத்த அரை நாள் போனது. ஆயுர்வேத வைத்தியர்கள் ஆமவாதம் என்றும் சொல்வார்கள். நாங்கள் வீட்டில் ‘மூட்டு வருத்தம்’ என்றே சொல்லிக்கொண்டோம். பயத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ள அது உதவியது.

இனி, என் பிழையைச் சொல்கிறேன். அதற்காகத்தான் இங்கே வரச் சம்மதித்தேன்.

கிளினிக்குக்கு இருட்டோடு போய் இலக்கம் எடுத்து, பதினொரு மணிக்கு உள்ளே போனோம். டொக்டர் அவரைப் பார்த்து, "காலையில எழும்பினா கை எவ்வளவு நேரம் விறைப்பா இருக்கும்?" என்று கேட்டார். அவர் வாய் திறக்கும் முன் நான், "பத்துப் பதினைஞ்சு நிமிஷம் இருக்கும் டொக்டர்" என்றேன். அடுத்த கேள்விக்கும் நானே பதில். அதற்கடுத்ததற்கும் நானே. முப்பத்திரண்டு வருஷம் வகுப்பில் நின்றவளுக்கு யாரும் கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்கத் தெரியாது. டொக்டர் எழுதிக்கொண்டார். தேய்மானமாக இருக்கக்கூடும், ஆர்.எஃப். வயது போனவர்களுக்கு வருத்தம் இல்லாமலும் பொசிற்றிவாக வரும் என்று சொல்லி, நோவுக்குக் குளிசை தந்து, ஆறு கிழமை கழித்து வரச் சொன்னார். எனக்கு ஒரே சந்தோஷம்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் அவர் மெல்லக் கேட்டார். "பத்து நிமிஷம் எண்டு ஆர் உமக்குச் சொன்னது?"

"நான் பாக்கிறனான் தானே."

"நீர் எழும்பிறது ஆறு மணிக்கு. நான் நாலு மணிக்கே எழும்பிறன்."

ஓய்வு பெற்ற பிறகு நித்திரை குறைந்துவிட்டது, வானொலி கேட்க எழும்புகிறார் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவரோ நாலு மணிக்கு எழும்பி, சத்தமில்லாமல் தண்ணீரைச் சுட வைத்து, கோப்பைக்குள் ஊற்றி இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறார். விரல்கள் மடங்கத் தொடங்க ஒன்றே முக்கால் மணித்தியாலம் பிடிக்குமாம். நான் எழும்புவதற்கு முன் கோப்பையைத் துடைத்து அடுக்கில் கவிழ்த்துவிடுவார். துடைத்து வைத்தபடியால் ஈரம்கூட என் கண்ணில் படவில்லை.

அந்த ஒரு விடை ஏன் அவ்வளவு முக்கியம் என்று பிறகுதான் விளங்கியது. மூட்டுத் தேய்மானத்தில் காலை விறைப்புப் பொதுவாக அரை மணித்தியாலத்துக்குள் விட்டுவிடும். முடக்குவாதத்தில் ஒரு மணித்தியாலத்துக்கு மேலும் நிற்கும். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, மூட்டின் உள்சவ்வையே எதிரியென்று நினைத்துத் தாக்குகிறது. பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி, கை மொளிகளிலும் மணிக்கட்டிலும் பாதத்திலும் தொடங்கும். விரல் நுனியில் உள்ள கடைசி மூட்டுகளை அநேகமாக விட்டுவிடும். அங்கே கட்டி போல் தடித்திருந்தால் அது பெரும்பாலும் தேய்மானம். இரத்தப் பரிசோதனை தனியே நின்று தீர்ப்புச் சொல்லாது. ஆர்.எஃப். வருத்தம் இல்லாதவருக்கும் பொசிற்றிவாகும், வருத்தம் உள்ள பலருக்கு நெகற்றிவாகவும் இருக்கும். ஆரம்பத்தில் எக்ஸ்றே சுத்தமாகவே இருக்கலாம். ஆகையால் வைத்தியருக்கு நோயாளியின் வாய்மொழி பெரிய சாட்சி. அந்தச் சாட்சியை நான் பொய்யாக்கிவிட்டேன். ஆறு கிழமை போய்விட்டது. இந்த வருத்தத்தில் மூட்டு அரிப்பு முதல் இரண்டு வருஷத்துக்குள்ளேயே தொடங்கிவிடலாம் என்றும், மருந்தை எவ்வளவு முந்தித் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது என்றும் வாசித்தபோது எனக்கு இரண்டு இரவு நித்திரை வரவில்லை. அவர் ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இங்கே படித்தபோது மனையியல் பாடத்தில் வீட்டுத் தாதிமைக்கென்று ஒரு குறிப்பேடு வைத்திருந்தோம். திகதி, நேரம், கண்டது என்று மூன்று நிரல். ‘நினைத்ததை எழுத வேண்டாம், கண்டதை எழுது’ என்று ரீச்சர் சிவப்பு மையால் எழுதிவிடுவார். (ரீச்சர் முன்வரிசையில் இருக்கிறார். ஐம்பது வருஷம் பிந்தி ஒப்புவிக்கிறேன்.) கடையில் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கிக் கோடு போட்டு அவரிடம் கொடுத்தேன். எழுதுவது அவர். கை நோகும் நாளில் எழுத்துக் கோணலாக இருக்கும். அதுவும் ஒரு குறிப்புத்தான். எந்த மூட்டு, எத்தனை மணிக்கு எழும்பினார், எத்தனை மணிக்குக் கை மூடித் திறந்தது, குளிசை போட்டாரா. வீக்கம் கூடிய நாளில் ஃபோனில் படம் எடுத்து வைப்பேன். கிளினிக் நாளுக்கென்று வீக்கம் காத்துக்கொண்டிருப்பதில்லை.

இரண்டாம் முறை போனபோது அவரே கதைத்தார். நான் பக்கத்தில் வாய் திறக்காமல் இருந்தேன். விடுதியில் படிப்பு நேரத்திலும் நான் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை, என் தோழிகளைக் கேளுங்கள். டொக்டர் கொப்பியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மொளிகளைக் குறுக்காக அமத்திப் பார்த்தார். அவருக்கு முகம் சுருங்கியது. "2006இல உங்களுக்குச் சிக்குன்குனியா வந்ததோ?" என்று கேட்டார். பாதை பூட்டிக் கிடந்த அந்த வருஷக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் எத்தனை வீடுகளில் அது வந்து போனதென்று உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் இருவருக்கும் வந்தது. சிக்குன்குனியாவின் மூட்டு நோ மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் நின்று, முடக்குவாதம் போலவே வேஷம் போடுமாம். அதனால் அண்மையில் காய்ச்சல் வந்ததா என்றும் கேட்டார். வரவில்லை. அன்ரி சீ.சீ.பி. என்ற பரிசோதனை எழுதித் தந்தார். அது பொசிற்றிவாக வந்தால் ஏறக்குறைய உறுதியாம். வந்தது நெகற்றிவ். ஆனாலும் இல்லை என்று சொல்ல முடியாதாம். இப்போது மூட்டுகளை ஸ்கான் செய்து பார்க்கவும், மூட்டு நோய்களுக்கான விசேட வைத்திய நிபுணரைக் காணவும் திகதி தந்திருக்கிறார்கள்.

ஆக, நாலு மாதமாக ‘இருக்கலாம்’. நோய் உறுதியானால் மருந்து இருக்கிறது, இல்லையென்றால் நிம்மதி இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கும்போது உடனிருப்பவருக்குக் கைகள் சும்மா இருக்கமாட்டா. நான் செய்த இரண்டாவது பிழை அதுதான். தேங்காய்ப்பால் மாப் பைக்கற்றுகள் வாங்கி அடுக்கினேன். திருவலையைக் கழுவித் துடைத்து மேல் தட்டில் வைத்தேன். உதவி என்றுதான் நினைத்தேன். அவர் ஒன்றும் சொல்லாமல் இரண்டு நாள் சொதி விடாமல் சாப்பிட்டார். பிறகு கொப்பியில் அவரே கண்டுபிடித்தது என்னவென்றால், பின்னேரம் நாலு மணிக்குக் கை நன்றாக வேலை செய்கிறது. இப்போது தேங்காய் பின்னேரம் திருவப்படுகிறது, குளிர்சாதனப் பெட்டியில் வைத்து மறுநாள் காலை எடுக்கிறோம். சம்பலின் ருசி கொஞ்சம் குறைவுதான், மறைக்கவில்லை. கரண்டிப் பிடிக்குப் பழந்துணி சுற்றித் தடிப்பாக்கினோம். திருகும் குழாயை மாற்றி நெம்பிப் பிடிக்கும் குழாய் பூட்டினோம். பொத்தான் மட்டும் நான் பூட்டுகிறேன், அதுவும் கேட்டால்தான்.

எங்கள் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் விஷயத்தைப் போட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குள் ரொறன்ரோவிலிருந்து மஞ்சள், லண்டனிலிருந்து மீன் எண்ணெய், கொழும்பிலிருந்து கத்தரிக்காயை விடு, மெல்பேணிலிருந்து தக்காளியை விடு. அன்புதான், தெரியும். ஒருத்தி மட்டும், "நீ சாப்பிட்டியோடி?" என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு நான் சாப்பிட்டிருக்கவில்லை.

மருந்துகளில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெயரோ சிட்டையோ இல்லாத தூளையும் குளிசையையும் வாங்காதீர்கள். அப்படியானவற்றில் ஸ்ரெறொயிட் கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது. இரண்டு நாளில் வீக்கம் வற்றும், வைத்தியருக்கு நோயின் அடையாளமும் மறைந்துபோகும். இன்னொன்று, இந்த நோய்க்கு முதலில் கொடுக்கும் மெதொற்றெக்சேற் என்ற மருந்து கிழமைக்கு ஒரு நாள் மட்டும் எடுப்பது. நாளாந்தக் குளிசையென்று நினைத்துத் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. என் தோழி ஒருத்தி அதை எடுக்கிறாள். அவளுடைய கணவர் நாட்காட்டியில் ஒவ்வொரு ஞாயிறையும் வட்டம் போட்டு வைத்திருக்கிறார்.

அந்தத் தோழியின் கதையையும் சொல்ல அனுமதி தந்திருக்கிறாள், பெயரைத் தவிர. முடக்குவாதம் ஆண்களை விடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு கூடுதலாக வருகிறது. ஆகவே இந்த மண்டபத்தில் என் கணவரைப் போன்றவர்களை விட அவளைப் போன்றவர்களே கூட இருப்பார்கள். அவள் ஒரு வருஷம் ஒருவருக்கும் சொல்லவில்லை. இடியப்பம் பிழிய முடியாத நாளில் பாண் வாங்கி, "இண்டைக்குப் பஞ்சியாக் கிடந்தது" என்றாளாம். கணவர் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. கடைசியில் மகள்தான் கூட்டிக்கொண்டு போனாள். அதற்குள் இரண்டு விரல்கள் சாய்ந்துவிட்டன. என் கணவர் கோப்பையைத் துடைத்து வைத்த மாதிரிதான் இதுவும். ஆனால் அவருடைய கையைப் பிடித்துப் பார்க்க நான் இருந்தேன். இதைக் கேட்கும் கணவன்மார் யாரும் இருந்தால், இன்றிரவு அவவின் கையைக் கொஞ்சம் பிடித்துப் பாருங்கள். வீட்டில் காலையில் முதலில் எழும்புவது யாரென்றும் யோசியுங்கள்.

எங்கள் அடுத்த திகதி வருகிற மாதம். இந்த உரையை எழுதி முடித்து நேற்று அவரிடம் வாசிக்கக் கொடுத்தேன். விறைப்பு இரண்டு மணித்தியாலம் என்று எழுதியிருந்தேன். பேனையை வாங்கி, அதை வெட்டி, ‘ஒன்றே முக்கால்’ என்று திருத்தினார். எழுத்து அவ்வளவு கோணல் இல்லை. பின்னேர நேரம்.