கல்பாசியும் கடல்பாசியும்

பாசி என்னும் சொல்லை இவ்வவையில் கூடியுள்ள கவிஞர் பெருமக்களுக்கு அறிமுகம் செய்ய வேண்டுவதில்லை. ஊரார் நீருண்ணும் கேணித்துறையில் படிந்த பாசி கை பட்ட இடத்தில் விலகும். கையை எடுத்ததும் மீண்டும் பரவும். அதனைக் கண்ட பரணர், தலைவியின் பசலைக்கு உவமையாக்கிக் குறுந்தொகையில் வைத்தார். அவ்வுவமை மருந்தாய்வுக் கூடத்திலும் பொருள் தருவது வியப்பிற்குரியது.

மதுரைக் கீழமாசி வீதியின் நாட்டு மருந்துக் கடைகளில் இரு பாசிகள் கிடைக்கும். ஒன்று கல்பாசி: கருஞ்சாம்பல் நிறத்தில் சுருண்டு கிடப்பது, செட்டிநாட்டுக் குழம்பிற்கு மணமூட்டுவது, சித்த மருந்துச் சரக்குகளுள்ளும் ஒன்று. மற்றொன்று கடல்பாசி: நோன்பு மாதத்தில் இசுலாமிய இல்லங்களில் காய்ச்சி ஆறவைத்துத் துண்டுகளாக்கி உண்ணப்படுவது. பெயரால் உடன்பிறந்தவை போல் தோன்றினும் இவை வெவ்வேறு குலத்தவை. கடல்பாசி உண்மையிலேயே பாசியிலிருந்து பெறப்படுவது. கல்பாசியோ லைக்கன் என்னும் கூட்டுயிர். பூஞ்சை வீடு கட்டுகிறது. உள்ளே குடியிருக்கும் பாசி ஒளியைக் கொண்டு உணவு சமைக்கிறது. இவ்விரட்டை வாழ்வை 1860களில் சுவிட்சர்லாந்தின் சுவெண்டனர் எடுத்துரைத்தபோது லைக்கன் அறிஞர் பலர் எள்ளி நகையாடினர். 2016-இல் வெளிவந்த ஆய்வொன்று, பல லைக்கன்களின் மேல்தோலில் ஈஸ்ட் வகைப் பூஞ்சை ஒன்றும் வாழ்வதைக் காட்டிற்று.

யானைமலை, நாகமலைப் பாறைகளில் தேமல் போலப் படர்ந்திருப்பவையும் லைக்கன்களே. ஆயின் அவை கல்லோடு கல்லாய் ஒட்டியவை, சுரண்டினாலன்றி வாரா. கடைக்கு வரும் இலைவடிவக் கல்பாசி, குளிர்ந்த மலைக்காடுகளின் மரப்பட்டையிலும் பாறையிலும் வளர்வது. ஓராண்டில் அது வளர்வது சில மில்லிமீட்டர் அளவே. ஒரு கிலோ கல்பாசி எத்தனை ஆண்டுகளின் சேமிப்பு என்பதை விலைச்சீட்டு கூறுவதில்லை.

இந்திய லைக்கன்களின் வேதிப்பொருள்களை முறையாக ஆராய்ந்த முன்னோடி ஒரு தமிழர். 1900-இல் குளித்தலையில் பிறந்த டி. ஆர். சேஷாத்ரி, மான்செஸ்டரில் இராபர்ட் இராபின்சனிடம் பயின்று, வால்டேரில் ஆந்திரப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். கிழக்குக் கடற்கரை மரங்களில் வளரும் ரொசெல்லா மாண்டாக்னி என்னும் லைக்கனிலிருந்து, 1940களின் தொடக்கத்தில் அவரும் சுப்பாராவும் மாண்டாக்னெட்டால் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். தமிழ்நாட்டில் அவர் பெயர் அறிந்தோர் சிலரே என்பது வருந்தத்தக்கது.

பொருளைப் பிரித்தறிதல் ஒரு கலை. அது நோய்க்கிருமியை என் செய்யும் என்று கேட்டல் வேறு கலை. இக்கேள்வி இன்று கல்லூரி ஆய்வகங்களில் முதுகலை மாணவராலும் கேட்கப்படுகிறது. உலர்ந்த கல்பாசியைப் பொடித்து, அசிட்டோனிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து வடிக்கின்றனர். அச்சாறு தோய்ந்த சிறு காகித வட்டினை, கிருமி பூசிய தட்டின்மேல் வைத்து, 37 பாகை செல்சியசு வெப்பத்தில் ஓரிரவு விடுகின்றனர். மறுநாள் தட்டெங்கும் கிருமிப் படலம். வட்டினைச் சுற்றி மட்டும் தெளிந்த வளையம். அதன் குறுக்களவை மில்லிமீட்டரில் குறிக்கின்றனர். அருகிலேயே வெறும் கரைப்பான் தோய்ந்த வட்டும், வலிமை அறியப்பட்ட மருந்து வட்டும் இருத்தல் வேண்டும். இவை இரண்டும் இல்லாத தட்டு சான்றாகாது.

அத்தட்டின் தரை அகார். அதாவது கடல்பாசியிலிருந்து எடுத்த பொருள். கல்பாசியின் வலிமை கடல்பாசியின் மேல்தான் அளக்கப்படுகிறது! முன்பு ஜெலட்டினில் கிருமி வளர்த்தனர். அது வெப்பத்தில் உருகியது. 1881-இல் ஜெர்மானிய ஆய்வாளர் வால்தர் ஹெஸ்ஸேக்கு, அகாரைப் பயன்படுத்துமாறு கூறியவர் அவர் மனைவி ஃபேனி. அவர் அதனைத் தம் சமையலறையில் அறிந்திருந்தார். இராமநாதபுரக் கடலோரப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப் பாசியும் மதுரை வட்டாரத் தொழிற்கூடங்களில்தாம் அகாராகின்றன. மரிக்கொழுந்து என்று கடல்பாசிக்குப் பெயரிட்டவர் எவரோ, அவரும் இவ்வவைக்கு உரியவரே.

இனி, அவ்வளையம் கூறாதவை. அசிட்டோனில் இறங்கிய லைக்கன் அமிலங்களுட் பல நீரில் எளிதில் கரைவதில்லை. எனவே தட்டில் வென்ற சாறும் அடுப்பில் காய்ச்சிய கசாயமும் ஒன்றல்ல. அகன்ற வளையம் மிக்க வலிமைக்கு அடையாளம் என்பதும் உறுதியன்று. அகாரில் எளிதாகப் பரவும் பொருள் அகன்ற வளையம் தரும், பரவாதது வலியதாயினும் குறுகிய வளையமே தரும். ஆதலால் சாற்றினைப் படிப்படியாக நீர்த்துக் குழாய்களில் சோதிக்க வேண்டும். அங்கேதான் பரணரின் கேணி நினைவிற்கு வருகிறது. தெளிவாய் நின்ற குழாயிலிருந்து ஒரு துளி எடுத்து, மருந்தில்லாப் புதுத் தட்டில் இடுகின்றனர். கிருமி மீண்டும் படர்ந்தால் மருந்து அதனை நிறுத்தி வைத்ததே அன்றிக் கொல்லவில்லை. தொட்டபோது விலகி, விட்டபோது பரவியது. படராவிடின் கொன்றது. இவ்விரண்டிற்கும் தனித்தனி வினைச்சொல் வேண்டும். செய்தித்தாளோ இரண்டையும் ‘குணப்படுத்தும்’ என்ற ஒரு சொல்லில் அடக்கிவிடுகிறது.

அச்சொல்லின் விலை சில வேளை உயிர். தாடிபோல் தொங்கும் உஸ்னியா லைக்கனில் உள்ள உஸ்னிக் அமிலம் 1844-இலேயே பிரித்தெடுக்கப்பட்டது. தட்டில் சீழ்க்கிருமியை அது நன்கு தடுக்கும். அதன் சோடிய உப்புடன் வேறு பொருள்களும் கலந்த லிப்போகைனெட்டிக்ஸ் என்னும் உடல்மெலிவு மாத்திரை அமெரிக்காவில் விற்கப்பட்டது. உண்டோர் சிலருக்கு ஈரல் பழுதுற, 2001 நவம்பரில் அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் அதனை நிறுத்துமாறு எச்சரித்தது. தட்டில் கிருமி இருந்தது, ஈரல் இல்லை. இதனைக் கொண்டு குழம்பில் இடும் சிட்டிகைக் கல்பாசியைப் பழித்தல் முறையன்று. அளவும் வேறு, பெரும்பாலும் இனமும் வேறு.

இனம் எது என்பதுதான் முதற் கேள்வியாதல் வேண்டும். கடைக் கல்பாசியில் பார்மோட்ரீமா இனங்கள் பலவும், சில வேளை உஸ்னியாவின் இழைகளும் கலந்து கிடக்கும். எனவே தேர்ந்த ஆய்வாளர் பொட்டலத்தை அப்படியே அரைப்பதில்லை. துண்டு துண்டாகப் பிரித்து, பொட்டாசுக் கரைசலில் ஒரு துளி இட்டு, மஞ்சளாகுமா சிவக்குமா என்று பார்க்கின்றனர். இனம் தெரிந்த பின், ஒரு துண்டைக் காகித உறையில் இட்டு, பறித்த மலையும் நாளும் எழுதி, எண்ணிட்டு உலர்தாவரக் காப்பகத்தில் வைக்கின்றனர். எஞ்சியதுதான் உரலுக்குப் போகிறது.