தோட்டத்துப் பறவைகளும் நாம் தெளிக்கும் நஞ்சும்

(தம்புள்ளை இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தம்புள்ளை என்றதும் மரக்கறியே எவர்க்கும் நினைவுக்கு வரும். 1999இல் பொருளாதார மத்திய நிலையம் திறக்கப்பட்ட பின் இந்தப் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. அந்த மரக்கறியோடு கூடவே வளரும் ஒரு கேட்டைப் பற்றிச் சில வார்த்தைகள் கூற விரும்புகின்றேன். பூச்சிக்கென்று நாம் தெளிக்கும் நஞ்சு பறவையையும் கொல்லுகின்றது என்பதே அது.

எவ்வாறு கொல்லுகின்றது? மூன்று வழிகள் உள.

முதலாவது, நேரான வழி. மருந்து பட்ட புழு உடனே சாவதில்லை, தள்ளாடித் துடிக்கும். அதைப் பிடிப்பது பறவைக்கு எளிது. 1995-96இல் ஆர்ஜென்ரீனாவில் வெட்டுக்கிளிகளை ஒழிக்க மொனோகுரோட்டோபொஸ் என்னும் நஞ்சைத் தெளித்தனர். அவ்வயல்களில் இரை தேடிய ஸ்வைன்சன் பருந்துகளில் ஏறத்தாழ 20,000 மாண்டன என மதிப்பிட்டார்கள்.

இரண்டாவது, மெல்லக் கொல்லும் வழி. டி.டி.ரி. மலேரியாவை அடக்க நம் நாட்டிலும் உதவிய மருந்து. மனித உயிர்களைக் காத்ததை மறுத்தலாகாது. ஆயினும் அது அழியாமல் உடற்கொழுப்பிலே தங்கும். பூச்சியிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து கழுகுக்கும் ஏற ஏறச் செறிவு மிகும். கழுகின் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் பாரத்தாலேயே நொறுங்கும். றேச்சல் கார்சன் அம்மையார் இந்நஞ்சின் கேடுகளை 1962இல் ஒரு நூலால் உலகறியச் செய்தார். 1972இல் அமெரிக்கா டி.டி.ரி.யை விலக்கியது. அங்கே அருகிப்போன வெண்தலைக் கழுகு மீண்டும் பெருகி, 2007இல் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. செய்த கேட்டைத் திருத்தவும் முடியும் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது, பட்டினி. அடைக்கலங்குருவி தானியம் தின்னும் பறவையே. எனினும் தன் குஞ்சுக்குப் புழு பூச்சிகளையே ஊட்டும். பூச்சியற்ற தோட்டத்தில் அக்குஞ்சு எதை உண்ணும்? பறவை குறைந்தால் இலாபம் புழுவுக்கே. அது விரைவாகப் பெருகும், பறவை மெல்லவே பெருகும்.

இதற்குக் கமக்காரனை மட்டும் குறை கூறுதல் நியாயமன்று. துளை விழுந்த கத்தரிக்காயை நாம் வாங்குவதில்லை. ஆகவே வியாபாரியும் எடுப்பதில்லை. கடன்பட்டுப் பயிரிட்டவன் வேறு என்ன செய்வான்? 2021இல் அரசாங்கம் இரசாயன உரத்தையும் பீடைகொல்லியையும் திடீரென நிறுத்தியது. அவ்வாண்டு நவம்பரிலேயே அதைக் கைவிட நேர்ந்தது. மாற்று வழியைப் பழகாதவனிடம் நஞ்சை விடு என்பது பயன் தராது.

ஆதலால் வீட்டுத் தோட்டத்திலிருந்து தொடங்குவோம். அங்கே கடனும் இல்லை, சந்தையும் இல்லை. கத்தரியில் வாடிய குருத்தைக் கண்டதும் கிள்ளி எரித்துவிடுங்கள். தண்டு துளைக்கும் புழு அதனுள்ளே இருக்கும். இலைப்புழுவைக் காலையிற் கையாற் பொறுக்குங்கள். பின்னும் மிஞ்சினால், 50 கிராம் வேப்பம்பருப்பை இடித்து 1 லீற்றர் நீரில் இரவு முழுதும் ஊறவைத்து வடித்து, சிறிது சவர்க்காரம் கரைத்து, மாலையில் தெளியுங்கள். பாத்திகளிடையே தடிகளை நாட்டினால் இரட்டைவாற் குருவி அதிலமர்ந்து பூச்சி பிடிக்கும். வேலியோரப் பற்றையைச் சிறிது விட்டுவைத்தால் செண்பகம் வந்து நத்தையைத் தின்னும். ஒரு சட்டியில் தண்ணீரும் வையுங்கள். சந்தைக்குப் போகும்போது, சிறு துளையுள்ள காயையும் விலை கொடுத்து வாங்குங்கள். தெளிப்பானைக் கீழே வைக்கக் கமக்காரனுக்குத் துணிவு தருவது அந்த விலைதான்.

நம் அயலவரான சிங்களக் கமக்காரரிடம் பழைய வழக்கமொன்று உண்டு. வயலில் ஒரு பகுதியைக் பறவைகளுக்கென்றே ஒதுக்கி, அதனைக் 'குருளு பாளுவ' என்பர். பறவைக்கும் விளைச்சலில் உரிமையுண்டு என்று அவர்கள் நூல் படித்து அறியவில்லை, வயலிலே கண்டறிந்தார்கள். நம் சங்கத்து இளைஞர் ஒவ்வொருவரும் இப்போகத்தில் ஒரு பாத்தியையேனும் நஞ்சின்றி வளர்த்துக் காட்டவேண்டும் என்று கேட்டு, என் உரையை முடிக்கின்றேன்.