நூற்றிருபத்து நான்காம் இலக்க வீடு



பேய் வீட்டுக் கதை என்றதும் பூட்டிய அறையும், தானாக அணையும் விளக்கும், நடுச்சாமத்தில் கேட்கும் காலடி ஓசையுமே எமது நினைவுக்கு வருகின்றன. இத்தகைய கதைகளைப் பொழுதுபோக்கு எழுத்து என ஒதுக்கிவிடுவோர் பலர். ஆனால், இவ்வகைக் கதைகளின் அடியில் கனமானதொரு கேள்வி கிடக்கிறது. ஆங்கிலத்தில் இவ்வகைக்கு முன்னோடி எனக் கொள்ளப்படும் ஹொரஸ் வோல்போலின் 'ஒட்ராண்டோக் கோட்டை' 1764ஆம் ஆண்டு வெளிவந்தது. முன்னோர் செய்த கொலைக்கும் அபகரிப்புக்கும் பின்வந்த தலைமுறை விலை கொடுப்பதே அதன் கரு. அப்படியாயின், மூத்தோர் காலத்தில் நடந்த கொடுமையை அந்த வீட்டில் வளரும் பிள்ளை அறிய வேண்டுமா? அறிவதாயின் யாரிடமிருந்து, எவ்வாறு?

இந்தக் கேள்வியை என் வாசிப்பில் மிக ஆழமாக எழுப்பிய நாவல், அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ரொனி மொறிசன் 1987இல் வெளியிட்ட 'பிலவட்'. 'அன்புக்குரியவள்' என்று இதற்குப் பொருள் சொல்லலாம். 1988இல் புலிற்சர் பரிசைப் பெற்றது. 1993இல் மொறிசனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. 2019இல் அவர் காலமானார்.

கதைக்கு முன், கதைக்கு வித்தான உண்மைச் சம்பவத்தைச் சொல்லிவிடுகிறேன். 1856 ஜனவரியில், கென்ரக்கி மாநிலத்தில் அடிமையாயிருந்த மார்கரெட் கார்னர் என்ற பெண், கணவனோடும் நான்கு பிள்ளைகளோடும் உறைந்து கிடந்த ஒஹையோ ஆற்றைக் கடந்து சின்சினாட்டிக்குத் தப்பினாள். ஒஹையோவில் அடிமை முறை இல்லை. எனினும், தப்பியோடியவர்களை எங்கிருந்தும் பிடித்து உரியவரிடம் ஒப்படைக்க 1850ஆம் ஆண்டின் சட்டம் இடமளித்தது. பிடிக்க வந்தவர்கள் வீட்டைச் சூழ்ந்தபோது, பிள்ளைகள் மீண்டும் அடிமைகளாவதைக் காணச் சகியாத அந்தத் தாய், தன் இரண்டு வயது மகளைக் கத்தியால் வெட்டிக் கொன்றாள்.

அதன்பின் எழுந்த வழக்கு விசித்திரமானது. அவளைக் கொலைக் குற்றத்துக்காக விசாரியுங்கள் என்று கேட்டவர்கள் அவளுடைய ஆதரவாளர்கள். ஏனெனில், கொலைக்காக விசாரிக்கப்படுபவள் மனுஷி. திருப்பி ஒப்படைக்கப்படுபவள் உடைமை. முடிவில் அவள் உடைமையாகவே திருப்பி அனுப்பப்பட்டு, 1858இல் நோயுற்று இறந்தாள். பதிப்பகம் ஒன்றில் பணியாற்றிய காலத்தில், 1974இல் வெளிவந்த 'கறுப்பு நூல்' என்ற தொகுப்புக்கான வேலையில் ஈடுபட்டிருந்தபோது, இச்சம்பவம் பற்றிய பழைய பத்திரிகைச் செய்தியை மொறிசன் கண்டார். அதுவே நாவலாயிற்று.

நாவலின் நிகழ்காலம் 1873. அடிமை முறை சட்டப்படி ஒழிந்து 8 ஆண்டுகள். சின்சினாட்டியின் ஓரத்தில் 124ஆம் இலக்க வீடு. அதிலே செதே என்ற தாயும், 18 வயது மகள் டென்வரும் வாழ்கிறார்கள். மூன்றாவதாக ஒரு குழந்தையின் ஆவியும் வாழ்கிறது. கண்ணாடி உடைகிறது, பாத்திரம் கவிழ்கிறது, மாடிப்படி அதிர்கிறது. டென்வரின் அண்ணன்மார் இருவரும் இதைத் தாங்காமல் வீட்டை விட்டு ஓடிவிட்டனர். 124 என்ற இலக்கத்தில் 3 இல்லை என்பதைப் பல வாசகர்கள் கவனித்திருக்கிறார்கள். செதேயின் நான்கு பிள்ளைகளில் மூன்றாவது பிள்ளையே இல்லாமற் போனவள். அவளைக் கொன்றவள் பெற்ற தாய்.

டென்வர் இதை எவ்வாறு அறிந்தாள் என்பதில்தான் நாவலின் நுட்பம் இருக்கிறது. ஏழு வயதில் அவள் எழுத்துப் படிக்க ஓர் ஆசிரியையிடம் போகிறாள். கூடப் படிக்கும் சிறுவன் ஒருநாள், உன் தாய் கொலைக்காகச் சிறையில் இருந்தவள்தானே என்று கேட்டுவிடுகிறான். பிள்ளை அத்தோடு படிப்பை விடுகிறாள். பின்பு தாயிடமே அதைக் கேட்கிறாள். ஆனால், பதில் வருமுன் அவளுடைய காது அடைத்துப் போகிறது. இரண்டு ஆண்டுகள் எந்த ஓசையும் கேட்கவில்லை. மீண்டும் கேட்கத் தொடங்கியபோது அவள் கேட்ட முதல் ஓசை, இறந்த குழந்தை மாடிப்படியில் தவழும் ஓசை.

தாயின் பதிலைக் கேட்க முடியாத காதுக்கு ஆவியின் ஓசை கேட்கிறது. மூடி வைக்கப்பட்ட உண்மை வீட்டை விட்டுப் போய்விடுவதில்லை என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

அரைகுறையாக அறிந்ததன் விளைவையும் மொறிசன் காட்டுகிறார். டென்வர் தாயை நேசிக்கிறாள். தாய்க்கு அஞ்சியும் வாழ்கிறாள். தன் தாய் தன் பிள்ளையையே கொல்லும்படி செய்த ஏதோ ஒன்று வெளியே இருக்கிறது, அது மறுபடியும் முற்றத்துக்குள் வரக்கூடும் என்று காவல் இருக்கிறாள். தான் ஆற்றங்கரையில் ஒரு படகிலே பிறந்த கதையை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டு மகிழ்கிறாள். தான் இல்லாத பழைய கதைகள் அவளுக்கு வேண்டாம். செதே தன் மகளைக் கடந்த காலத்திடமிருந்து காப்பதே கடமை என நினைத்தவள். அவள் வாய் திறக்காததும் அன்பினாலேதான். ஆனால், அந்த மௌனத்துக்குள் மகளுக்குக் கிடைத்தது பயம் மட்டுமே. பயத்துக்கான காரணம் கிடைக்கவில்லை.

போல் டி என்ற பழைய நண்பன் வருகிறான். சத்தமிட்டு, மேசையைத் தூக்கியடித்து ஆவியை விரட்டுகிறான். வீடு அமைதியாகிறது. சில நாளில் 'பிலவட்' என்ற பெயருடன் ஓர் இளம்பெண் வாசலில் வந்து அமர்கிறாள். இறந்த குழந்தையின் கல்லறையிற் பொறித்திருந்த சொல்லும் அதுவே. விரட்டப்பட்ட ஆவி உடலெடுத்து வந்துவிட்டது.

பழையனூர் நீலியின் கதையை நாம் அறிவோம். கொலையுண்ட பெண், பழி தீர்க்கப் பேயாக வருகிறாள். பிலவட்டின் வருகை வேறு விதமானது. அவள் கேட்பது தாயின் அன்பு. அதைக் கேட்டுக் கேட்டே தாயை உருக்குலைக்கிறாள். செதே வேலையை இழக்கிறாள், உண்ணாமல் மெலிகிறாள், ஏன் அப்படிச் செய்தேன் என்று இரவும் பகலும் விளக்கிக்கொண்டேயிருக்கிறாள். உயிரோடிருக்கும் மகளுக்கு ஒருநாளும் சொல்லாத விளக்கத்தை இறந்த மகளுக்குச் சொல்கிறாள். டென்வர் பக்கத்தில் நின்று கேட்கிறாள். அவளுடைய குடும்ப வரலாறு அவளுக்குக் கிடைப்பது இந்த வழியில்தான்.

கேட்டதன் பின் டென்வர் மாறுகிறாள். இதுவரை வெளியிலிருந்து எதுவும் உள்ளே வராமல் பார்த்திருந்தவள், இனி உள்ளே இருப்பதிடமிருந்து தாயைக் காக்க வேண்டும் என உணர்கிறாள். ஆண்டுக்கணக்காகத் தனியே தாண்டாத முற்றத்தைத் தாண்டி, பழைய ஆசிரியையிடம் போய் வேலை கேட்கிறாள், உணவு கேட்கிறாள். அதன்பின் அயலவர்கள் பாத்திரங்களில் உணவு வைத்துவிட்டுப் போகிறார்கள். இறுதியில் 30 பெண்கள் அந்த வீட்டு வாசலில் நின்று பாடுகிறார்கள். பிலவட் மறைகிறாள்.

அயலவர்களுடைய வருகையிலும் ஒரு நியாயம் உண்டு. 18 ஆண்டுகளுக்கு முன், டென்வரின் பாட்டி பேபி சக்ஸ் 90 பேருக்கு விருந்து வைத்தாள். அந்த நிறைவைக் கண்டு ஊர் பொறாமை கொண்டது. அடிமை பிடிப்பவர்கள் குதிரையில் வந்தபோது ஒருவரும் ஓடி வந்து எச்சரிக்கவில்லை. ஆகவே அந்தக் குழந்தையின் மரணத்தில் தாயின் கை இருந்தது. அதன் பின்னால் ஒரு சட்டம் இருந்தது. ஊரின் மௌனமும் இருந்தது. அந்த வீட்டின் இருள் ஒரு குடும்பத்தின் தனிச்சொத்தாக இருக்கவில்லை. கலைக்க ஊர் முழுதும் வர வேண்டியிருந்ததும் அதனாலேதான்.

நேயர்களே, பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் எந்த வயதிலும் சொல்லிவிடலாம் என்பது என் வாதமன்று. ஏழு வயதில் ஒரு சிறுவன் வாயால் அதைக் கேட்டதே டென்வருக்கு நேர்ந்த கேடு. நடந்தது என்ன என்று அவளுக்குத் தெரிந்தது. ஏன் நடந்தது என்று சொல்ல யாரும் இல்லை. நடந்ததை மட்டும் அறிந்த பிள்ளைக்குத் தாய் ஒரு கொலைகாரி. காரணத்தையும் அறிந்த பிள்ளைக்கு, அவள் மனுஷியாக இருக்க அனுமதிக்கப்படாத ஒரு தாய். இந்த இரண்டு அறிவுக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடக்க டென்வருக்குப் பதினொரு ஆண்டுகள் பிடித்தன.

வளர்ந்த பிள்ளை கேட்கும்போது, காரணத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியவர்கள் மூத்தோரே. சொல்லாமல் விட்டால், அயலிலுள்ள எவனோ காரணமின்றிச் சொல்லிவிடுவான். டென்வர் தாயை மன்னித்தாளா என்று நாவல் நேராகச் சொல்வதில்லை. அவள் தாய்க்காக வேலை தேடிப் போனாள் என்று மட்டும் சொல்கிறது. எனக்கு அந்தப் பதில் போதுமானது.