இயந்திரம் எழுதும் மனு
(செங்கற்பட்டில் பேசியது)



2019 நவம்பரில் செங்கற்பட்டு தனி ஜில்லாவானதும் கலெக்டர் ஆபீஸ் நமக்குக் கிட்டே வந்தது. தஸ்தாவேஜுகள் கிட்டே வந்தனவா?

2005-ம் வருஷத்திய தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி எவரும் கேட்கலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 30 நாளில் பதில் வரவேண்டும். ஆனால் மாமல்லபுரத்துக் குப்பத்து மீனவர் ஒருவர், கடற்கரை வரைபடத்தில் தம் குப்பம் எங்கே குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்க நினைத்தால், மனு எழுதித் தர ஆள் தேட வேண்டியிருந்தது. இன்றோ கைபேசியிடம் வாயால் சொன்னால் செயற்கை அறிவு இயந்திரம் எழுதிக் கொடுத்து விடுகிறது. பிறர் தயவு ஒழிந்தமட்டில் சந்தோஷமே.

"மனுக்கள் மலையாய்க் குவியுமே" என்று உத்தியோகஸ்தர்கள் அழக்கூடும். குவியட்டும்! சட்டத்தின் 4-வது பிரிவுப்படி கேளாமலே வெளியிட வேண்டியவைகளை வெளியிட்டிருந்தால் எவர் மனுப் போடப் போகிறார்? ஆனால் ஒன்று: இல்லாத பிரிவையும் இருப்பதுபோல் இயந்திரம் எழுதிவிடும். ஏட்டில் இருப்பதாலேயே எதையும் நம்பமாட்டோம் என்கிற நாம் இதை மட்டும் படியாமல் கையெழுத்திடலாமா?

இயந்திரத்தைப் பற்றியே மனுப் போடவும் வேண்டும். முகம் 80 சதவிகிதம் ஒத்திருந்தாலே சரியான ஆள் என்று இயந்திரத்தைக் கொண்டு முடிவு கட்டுவதாக டில்லி போலீஸ் 2022-ல் சொன்னது இத்தகைய மனுவுக்குப் பதிலாகத்தான்.

இதற்கிடையே 2023-ம் வருஷத்திய தகவல் பாதுகாப்புச் சட்டத்தால் 8-வது பிரிவைத் திருத்தி, 2025 நவம்பரில் அமுலாக்கியும் விட்டார்கள். இனி "சொந்தத் தகவல்" என்ற ஒரு வார்த்தையே மறுக்கப் போதும். ஆயினும் பொதுநன்மை பெரிதானால் கொடுக்கலாம் என்கிற 8(2) இன்னும் இருக்கிறது. மறுத்தால் அதைக் காட்டி 30 நாளுக்குள் அப்பீல் செய்யுங்கள்.