செபம் சொன்னோம், அபராதமும் போட்டோம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழுவின் சார்பில் பேசியது)



'கஷ்ட காலத்தில் தினசரி செபம்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எங்களுக்குப் பிரசங்கம் பண்ணத் தெரியாது. எங்க குழு செய்த ஒரு தப்பைத்தான் சொல்லப் போறோம். சம்பந்தப்பட்ட சகோதரியிடம் கேட்டு, அவர் சம்மதித்த பிறகுதான் பேசுகிறோம். பேரைச் சொல்ல மாட்டோம்.

நாங்கள் குமரி மாவட்டத்துக் கடற்கரைக்காரர்கள். குழுவில் 15 பேர். பதினொரு பேர் கிறிஸ்தவர்கள், நாலு பேர் இந்து சகோதரிகள். எந்தக் கூட்டமானாலும் முதலில் அவரவர் சாமியை நினைத்து இரண்டு நிமிடம் செபம். பிறகுதான் வருகைப் பதிவு, சேமிப்பு, கடன் தவணை எல்லாம்.

எங்கள் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கடலுக்குப் போகாது. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அப்போது அடுப்பு எரிவதே பெரிய பாடு. அப்படி ஒரு தடைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்தச் சகோதரியின் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்து கால் முறிந்தது. அரசு தரும் நிவாரணம் மருந்துக்கே போதவில்லை. வெளியில் 20,000 ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு மாதம் 10 ரூபாய் வட்டி. மாதம் பிறந்தால் 2,000 ரூபாய் வட்டிக்கே போச்சு. அசல் அப்படியே நின்றது.

இதெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் தெரியும். எங்களுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அவர் கூட்டத்துக்கு வரவில்லை, இரண்டு மாதத் தவணையும் கட்டவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? கண்ணை மூடி செபம் சொன்னோம். கண்ணைத் திறந்து, அபராதம் 20 ரூபாய் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டோம்.

மூன்றாவது கூட்டத்தில் இந்து சகோதரிகளில் மூத்த அக்கா ஒருவர் கேட்டார்: "எல்லாரும் நல்லா செபம் சொல்றீங்க. அவ வீட்டுக்கு ஒருத்தியாவது போய்ப் பார்த்தீங்களா?" யாரிடமும் பதில் இல்லை.

அன்று சாயங்காலமே போனோம். வாசல் கதவு சாத்தி, உள்ளே விளக்கு இல்லை. தட்டியதும் திறந்தார். கையில் செபமாலை. "வட்டிக்காரர்னு நினைச்சேன். மாதாகிட்ட மட்டும்தான் தினமும் அழுதேன். உங்ககிட்ட சொல்ல வெட்கமா இருந்தது" என்றார். அபராதம் எழுதின கைகள் அன்று கூசிப் போச்சு.

சகோதரிகளே, வேதாகமத்தில், இரண்டாம் அரசர் புத்தகம் நாலாம் அதிகாரத்தில், ஒரு கைம்பெண் கதை வருகிறது. புருஷன் பக்தியுள்ளவர், இறந்துவிட்டார். கடன் கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமையாகக் கொண்டுபோக வருகிறான். அவள் எலிசா இறைவாக்கினரிடம் முறையிடுகிறாள். அவர் கேட்பது, "உன் வீட்டில் என்ன இருக்கிறது?" என்றுதான். ஒரு கலயம் எண்ணெய் மட்டும் இருக்கு என்கிறாள். அக்கம்பக்கத்தில் காலிப் பாத்திரங்களை நிறைய இரவல் வாங்கு, பிறகு கதவைச் சாத்திக்கொண்டு ஊற்று என்கிறார். பாத்திரம் தீரும்வரை எண்ணெய் வந்தது. அதை விற்றுக் கடனை அடைத்து, மீதியில் பிழைத்தார்கள்.

இந்தக் கதையைப் பல தடவை கேட்டிருக்கிறோம். ஆனால் அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. கதவைச் சாத்துவதற்கு முன்னால் அவள் பக்கத்து வீட்டுக் கதவுகளைத் தட்டினாள். வெட்கப்பட்டுச் சும்மா இருந்திருந்தால் அந்த ஒரு கலயம்தான். பக்கத்து வீட்டார் 'பாத்திரம் இல்லை' என்று சொல்லியிருந்தாலும் அவ்வளவுதான்.

நாங்களும் அந்தக் கேள்வியைக் கேட்டோம். "உங்க வீட்டுல என்ன இருக்கு?" மீன் ஊறுகாய் போடுவதில் அவர் கை ராசியான கை. குழுச் சேமிப்பிலிருந்து 20,000 உள்கடன் கொடுத்து வெளிக்கடனை அடைத்தோம். எங்கள் வட்டி நூற்றுக்கு 2 ரூபாய். முதல் மாதம் 2,000 போன இடத்தில் 400 தான். ஆளுக்கு நாலு காலி பாட்டில் கழுவிக் காயவைத்துக் கொடுத்தோம். முதல் ஊறுகாய் அதில்தான் போட்டார். இன்று 20 தவணையில் 13 கட்டிவிட்டார். வீட்டுக்காரர் கால் இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. செபமும் தொடர்கிறது.

இன்னொன்று. 2003-லேயே தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்துவிட்டது. தினவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாம் அதில் அடங்கும். மூன்று ஆண்டு வரை சிறையும், 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் வந்தால் தனியாகப் பயந்து கிடக்க வேண்டாம். குழுவாகச் சேர்ந்து புகார் கொடுக்கலாம்.

கஷ்டப்படுகிற பெண்ணிடம் சிலர் சொல்வார்கள்: "உன் செபம் போதாது, விசுவாசம் குறைவு." தயவுசெய்து யாரும் அப்படிச் சொல்லாதீர்கள். 2017 நவம்பர் 30-இல் ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் கரையில் முழங்கால் போடாத பெண் யார்? சிலர் வீட்டில் ஆள் திரும்பி வந்தார். சிலர் வீட்டில் வரவில்லை. வராதவர் வீட்டிலும் அதே கண்ணீர், அதே செபம்தான். ஏன் என்று எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. இயேசுவே கெத்சமனித் தோட்டத்தில், இந்தத் துன்பம் நீங்கட்டும் என்று செபித்தார். நீங்கவில்லை. அந்த ராத்திரி கூட இருந்தவர்களிடம், என்னோடு விழித்திருங்கள் என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நாங்கள் அபராதம் எழுதியதும் அந்தத் தூக்கம் மாதிரிதான்.

தினமும் எப்படி செபிப்பது என்று கேட்கிறீர்கள். நீளமாக வேண்டாம். மீன் கூடையோடு பஸ்ஸுக்கு நிற்கும்போதும், தண்ணீர்க் குழாயடியிலும் செபிக்கலாம். நாங்கள் மூன்று காரியம் வைத்திருக்கிறோம். இன்று கிடைத்த ஒன்றுக்கு நன்றி. மனசில் உள்ள கஷ்டத்தை மறைக்காமல் அப்படியே சொல்வது. மூன்றாவது, குழுவில் ஒருத்தி பேரைச் சொல்லி செபிப்பது. பேர் சொல்லி செபித்தவளை அந்த வாரத்தில் நேரில் பார்த்து, "எப்படி இருக்கே?" என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அந்த செபம் பாதிதான்.

அந்த 20 ரூபாய் அபராதத்தை ரத்து செய்து தீர்மானம் எழுதினோம். கூடவே இன்னொரு தீர்மானமும் போட்டோம்: எவரும் இரண்டு கூட்டம் வராவிட்டால், அபராதத்துக்கு முன்னால் இரண்டு பேர் அவர் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லாக் குழுக்களும் இதை எழுதிவைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கஷ்டத்தில் இருக்கும் சகோதரி இங்கே இருந்தால், ஒன்று சொல்கிறோம். சாமியிடம் சொன்னதை எங்களிடமும் சொல்லுங்கம்மா. அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. பாத்திரம் எங்க வீட்டுல இருக்கு.