சனம் எங்கே?

(எமது சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில், ‘நான் பார்த்த உலகம்’ என்ற தலைப்பில் நோர்வேயில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் என்னைத் தொலைபேசியில் அழைத்து, “நீங்கள் கனக்க நாடுகள் பார்த்தனீங்கள். விடுமுறைக்குப் போன இடங்களைப் பற்றி இருபது நிமிடம் கதையுங்கோ. ஆனால் படம் காட்டவேண்டாம், போனமுறை புறொஜெக்டர் வேலை செய்யவில்லை” என்றார். படம் இல்லாமல் பயணம் பற்றிக் கதைப்பது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தேன். பிறகு, எனக்கு முதன்முதலில் உலகத்தைக் காட்டியவரிடம் ஒரு நல்ல படம்கூட இருக்கவில்லையே என்ற நினைவு வந்தது.

என் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரியும், நான் எங்கள் புவியியல் ரீச்சரைத்தான் சொல்கிறேன். அவர் இலங்கையை விட்டு ஒருநாளும் வெளியே போனதில்லை. “பக்கத்திலை இருக்கிற இராமேஸ்வரமே நான் பார்க்கேல்லை” என்று தானே சொல்லிச் சிரிப்பார். அவரிடம் இருந்தவை ஓரம் கிழிந்த ஓர் உலகப்படம், ஒரு ரோச் லைற், ஒரு தோடம்பழம். யன்னல்களைச் சாத்திவிட்டு, தோடம்பழத்தின் நடுவே பின்னல் ஊசியைக் குத்தி, இருபத்துமூன்றரைப் பாகை சரித்துப் பிடிப்பார். ஒரு பிள்ளை ரோச்சை அடிக்க, ரீச்சர் பழத்தை மெல்லச் சுற்றுவார். “இந்த மேல்நுனியைப் பாருங்கோ. எவ்வளவு சுத்தினாலும் வெளிச்சம் விலகுதில்லை. அதுதான் நள்ளிரவுச் சூரியன்.” பாடம் முடிந்ததும் அந்தப் பழத்தை முதல்வாங்குப் பிள்ளைகள் உரித்துச் சாப்பிட்டுவிடுவார்கள்.

அவரிடம் ஒரு பிடிவாதம் இருந்தது. சோதனையில் ஒரு நாட்டின் மலை, ஆறு, மழைவீழ்ச்சி எல்லாவற்றையும் எழுதிவிட்டு, அங்குள்ளவர்கள் என்ன செய்து சீவிக்கிறார்கள் என்பதை விட்டுவிட்டால், சிவப்பு மையால் இரண்டே சொல் எழுதுவார்: ‘சனம் எங்கே?’ என் கொப்பியில் அந்த இரண்டு சொல்லும் பலமுறை இருந்தன.

1987 இல் நான் நோர்வேக்குப் போனேன். போனேன் என்று சொல்வது எளிது. ஏன் போனேன், எப்படிப் போனேன் என்பது இங்கே இருக்கிற என் வயதுக்காரருக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நாட்டின் வடக்கு முனையான பின்மார்க்கில், கடலோரக் கிராமம் ஒன்றில் மீன் தொழிற்சாலையில் எனக்கு வேலை கிடைத்தது. அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் பலர் அந்தப் பகுதியில் மீன் வெட்டினார்கள். கொட் என்ற மீனை முள் நீக்கிச் சதையாக வெட்டிப் பெட்டியில் அடுக்கவேண்டும். வெள்ளை அங்கி, முழங்கால்வரை றப்பர்ச் சப்பாத்து, ஐஸ் தண்ணீரில் விறைத்த விரல்கள், நாரி நோவு. நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் சனவரி பிற்பகுதிவரை எட்டிப் பார்க்காது. விடிந்ததா என்று மணிக்கூட்டைக் கேட்கவேண்டும்.

பிறகு மே மாத நடுப்பகுதி வந்தது. சூரியன் இறங்கி வந்து கடலைத் தொடுவதுபோல நின்று, தொடாமலே மறுபடி ஏறத் தொடங்கியது. இரவு வேலை முடிந்து வெளியே வந்தால் பனிரண்டு மணிக்குப் பொன் வெயில். எனக்குத் தோடம்பழ வாசம் வந்தது. உண்மையாகச் சொல்கிறேன், கைமுழுக்க மீன் மணத்தோடு நின்ற எனக்குத் தோடம்பழம்தான் மணத்தது.

அந்தக் கோடையில் உல்லாசப் பயணக் கப்பல்கள் எங்கள் கடலால் நோர்த் கேப்புக்குப் போயின. கப்பலின் மேல்தட்டில் நின்றவர்கள் கமராவோடு எங்கள் பக்கம் கையசைத்தார்கள். நாங்கள் தொழிற்சாலை வாசலில் நின்று திருப்பிக் கையசைத்தோம். அவர்கள் எடுத்த படங்களில் ஒரு மூலையில் வெள்ளை அங்கியோடு நாங்களும் இருப்போம் என்று நினைக்கிறேன்.

ஆனால் நான் அம்மாவுக்கு அனுப்பிய படம் வேறு. சிநேகிதி ஒருத்தியின் சிவப்புக் கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, நடுச்சாமச் சூரியனுக்கு முன்னால் சிரித்தபடி நின்று எடுத்த படம். அம்மா அதை எங்கள் ஒழுங்கை முழுக்கக் காட்டினாராம். மீன் வெட்டும் படத்தை நான் எடுக்கவும் இல்லை, அனுப்பவும் இல்லை.

முதல் சில வருடங்கள் என்னிடம் இருந்தது அகதிகளுக்கான பயணப் பத்திரம். எந்த நாட்டுக்கும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போகமுடியாது. அதை வைத்துக்கொண்டு 1993 இல் சுவிற்சர்லாந்தில் இருந்த அண்ணரிடம் போனேன். அவர் விடுமுறை எடுத்து என்னை யுங்பிராவ்யொக் கூட்டிக்கொண்டு போனார். கடல் மட்டத்திலிருந்து 3,454 மீற்றர் உயரம். 1912 இலேயே மலையைக் குடைந்து அங்கே றெயில் விட்டுவிட்டார்கள். குடைந்தவர்களில் பெரும்பாலானோர் இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளர். வேலையில் இறந்தவர்களும் பலர். மேலே நின்றால் ஆல்ப்ஸின் மிக நீண்ட பனியாறான அலெச் உங்கள் காலடியில் ஒரு வெள்ளை நெடுஞ்சாலைபோலக் கிடக்கும். அது வருடாவருடம் சுருங்கிக்கொண்டு வருகிறது. பார்க்க எண்ணியிருப்பவர்கள் பிந்தாமல் பாருங்கள்.

எனக்கு அந்தப் பயணத்தில் மறக்கமுடியாதது மலையடிவாரத்தில் நடந்தது. சாப்பிட்டுவிட்டு எழும்பியபோது குசினிக் கதவு திறந்தது. கோப்பை கழுவிக்கொண்டிருந்தவர் எங்களைக் கண்டு, கையைத் துடைத்தபடி வெளியே வந்து, “தமிழோ? எந்த இடம்?” என்று கேட்டார். அவர் அந்த மலையின் கீழே நாலு வருடமாக வேலை செய்கிறார். மேலே ஒருநாளும் போகவில்லை. “ரிக்கற் காசுக்கு ஊரிலை ஒரு மாதம் சாப்பிடலாம்” என்றார். அண்ணர் பேசாமல் நின்றார். அவரும் இன்னொரு ஊரில் அதே வேலைதான் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியவந்தது. அவர் எங்களுக்கு அனுப்பிய படங்களிலும் பனிமலை மட்டும்தான் இருந்தது.

பிறகு நான் தாதியாகப் படித்து ஒஸ்லோவுக்கு வந்தேன். கலியாணம், பிள்ளைகள், நோர்வேக் கடவுச்சீட்டு எல்லாம் வந்தன. 2002 இல் ஏ9 பாதை திறந்தது. அடுத்த வருடம் பிள்ளைகளோடு ஊருக்கு வந்தேன். பதினாறு வருடத்துக்குப் பிறகு.

இனிச் சொல்லப்போவதை இந்த மேடையில் சொல்லவேண்டுமா என்று பலமுறை யோசித்தேன்.

எங்கள் ஒழுங்கை முனையில் ஒரு வீடு. முன்பக்கத்துக்குக் கூரை இல்லை. சுவர் முழுக்கச் செல் துளை. அறைக்குள் மரம் வளர்ந்திருந்தது. நான் ஒன்பது வயது மகனை அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். ‘கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில், அந்தத் துளை தெரியட்டும்’ என்றுகூடச் சொன்னேன். அப்போது பின்பக்கத்தால் ஒரு பெண், கையில் வாளியோடு வந்து நின்றாள்.

“படம் எடுங்கோ, பரவாயில்லை. ஆனால் நாங்கள் உதுக்குள்ளைதான் இருக்கிறம். ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்.”

பின்னால் இருந்த குசினிக்குக் கிடுகு போட்டு, அதில் அவர்கள் குடியிருந்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, “எடியே, நீ ரண்டாம் வாங்கிலை யன்னல்கரையிலை இருந்தனி எல்லே?” என்றாள்.

என் வகுப்புக்காரி. தோடம்பழத்துக்கு ரோச் அடித்தவள் அவள்தான். நான் அவளை அடையாளம் காணவில்லை.

அந்தக் குசினியில் பலகைக்கட்டையில் இருந்து தேத்தண்ணி குடித்தோம். 1995 ஒக்ரோபரில் ஊரோடு எழும்பிப் போனதையும், திரும்பி வந்தபோது வீடு இப்படிக் கிடந்ததையும், ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாகச் சிறுதொகைக்குப் படிப்பிப்பதையும் அவள் சொன்னாள். பிறகு கேட்டாள்: “உன்ரை சிவப்புக் கோட்டுப் படம் பார்த்தனான். நானும் பிள்ளையளுக்குத் தோடம்பழம் வைச்சுத்தான் படிப்பிக்கிறன். கண்ணாலை பார்த்த நீ சொல்லு. அங்கை சனம் என்ன செய்து சீவிக்குது?”

நான் மீன் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னேன். ஊரில் ஒருவருக்கு அதைச் சொன்னது அதுதான் முதல்தடவை. அவள் சிரிக்கவும் இல்லை, பரிதாபப்படவும் இல்லை. “எத்தினை மணித்தியாலம் நிக்கவேணும்? என்ன சம்பளம்?” என்று ரீச்சரைப்போலவே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு நான் எங்கே விடுமுறைக்குப் போனாலும் அந்தச் சிவப்பு மை என்னோடு வருகிறது. இரண்டு இடங்களை மட்டும் சொல்கிறேன்.

தென்னாபிரிக்காவில் கேப் ரவுணிலிருந்து படகில் றொபன் தீவுக்குப் போனோம். நெல்சன் மண்டேலா சிறையிருந்த 27 ஆண்டுகளில் 18 ஆண்டுகள் அங்கேதான் கழிந்தன. கைதிகள் சுண்ணாம்புக்கல் உடைத்த குழி இன்னும் இருக்கிறது. வெயிலில் அந்த வெள்ளைக் கல் கண்ணைக் கூசவைக்கும். பலருடைய கண்பார்வையை அது கெடுத்தது. சிறைக்கூடத்தைச் சுற்றிக் காட்டியவர் முன்னாள் கைதி. பிந்தி நின்று அவரிடம் கேட்டேன், தினமும் இதே இடத்துக்கு வருவது கஷ்டமாக இல்லையா என்று. “சம்பளம் வேண்டும், அம்மா. அதோடு நான் சொல்லாவிட்டால் வேறு யாரோ வேறு மாதிரிச் சொல்லுவார்கள்” என்றார். எங்கள் ஊர் இடிபாடுகளைப் பற்றி யார் சொல்லப்போகிறார்கள் என்று படகில் திரும்பும்போது யோசித்துக்கொண்டு வந்தேன்.

மற்றது வெனிஸ். அழகில் அதற்கு ஈடு நான் பார்க்கவில்லை. காரும் பஸ்ஸும் இல்லாத ஊர், தண்ணீர்தான் தெரு. ஆனால் அங்கே ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் மின்விளக்கு எண்கள் ஓடுகின்றன. விலை விபரம் என்று நினைத்தேன். ஊரில் மிஞ்சியிருக்கும் ஆட்களின் தொகையாம். 1951 இல் பழைய நகரத்தில் ஏறத்தாழ 175,000 பேர் இருந்தார்கள். இப்போது 50,000 க்கும் குறைவு. வீட்டு வாடகை ஏற ஏற, ஊர்க்காரர் கரைக்கு அப்பால் போய்விட்டார்கள். 2024 முதல் சில நாட்களில் பகல்நேரப் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமும் வாங்குகிறார்கள். எங்கள் அறையைத் துப்புரவு செய்த வங்காளதேசப் பெண், பாலத்துக்கு அந்தப் பக்கம் மெஸ்ரேயிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போகிறாள். நானும் ஒருகாலம் தொழிற்சாலையில் நின்றவள் என்று சொன்னபோது, அவள் கட்டில் விரிப்பை அப்படியே விட்டுவிட்டு, பத்து நிமிடம் இருந்து கதைத்தாள்.

விடுமுறைக்குப் போகாதீர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. போங்கள். உழைத்த காசு, கண் குளிரப் பாருங்கள். ஒரு நாளில் அரை மணித்தியாலம் மட்டும், அங்கே வேலை செய்யும் ஒருவரோடு இருந்து கதையுங்கள்.

இதை முக்கியமாக எங்கள் ஊருக்குத்தான் சொல்கிறேன். 2014 இல் யாழ்தேவி மறுபடி யாழ்ப்பாணம் வந்த பிறகு வருவது சுகமாகிவிட்டது. யூலை, ஓகஸ்டில் நாங்கள் வருகிறோம். நல்லூர், நயினாதீவு, கீரிமலை, கசூரினா கடற்கரை, ஐஸ்கிறீம் கடை. மூன்று கிழமையில் எல்லாம் முடிந்துவிடும். இங்கே இருப்பவர்களுக்கு நாங்கள் காட்டுவது சிவப்புக் கோட்டுப் படம். நாங்கள் எடுத்துக்கொண்டு போவது சுவரின் படம். இரண்டு பக்கமும் சனம் எங்கே?

ஆகவே, நூற்றாண்டு கொண்டாடும் எங்கள் சங்கத்துக்கு ஒரு சிறு விண்ணப்பம். கட்டிடத்துக்குக் காசு சேர்ப்பது நடக்கட்டும். அதோடு, விடுமுறைக்கு வரும் ஒவ்வொரு பழைய மாணவியும் ஒரு மணித்தியாலம் அந்தப் புவியியல் அறையில் பிள்ளைகளோடு இருக்கவேண்டும். தான் சுற்றிப் பார்த்த ஊரைவிட, அங்கே தான் என்ன செய்து சீவித்தாள் என்பதைச் சொல்லவேண்டும். கோப்பை கழுவியதை, வயோதிபர் இல்லத்தில் இரவில் விழித்திருந்ததை, தொழிற்சாலையில் நின்றதைச் சொல்லுங்கள். வெளிநாடு போக ஆசைப்படும் பிள்ளை முழுவதும் தெரிந்துகொண்டு போகட்டும். பிறகு பிள்ளைகள் எங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய், இங்கே யார் எப்படி வாழ்கிறார்கள் என்று காட்டட்டும். கேள்வி கேட்பதை நான் ஏற்கெனவே ஒருத்தியிடம் ஒப்படைத்துவிட்டேன். அவள் நிரந்தர ஆசிரியையாகி, போன வருடம்தான் ஓய்வுபெற்றாள். இன்று இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். பெயர் சொன்னால் எழும்பிப் போய்விடுவேன் என்று வெருட்டியிருப்பதால் சொல்லவில்லை.

ரீச்சர் இப்போது எங்களோடு இல்லை. இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கு எத்தனை புள்ளி போட்டிருப்பார் என்று தெரியாது. சிவப்பு மையால் அந்த இரண்டு சொல்லை மட்டும் எழுதியிருக்கமாட்டார் என்று நம்புகிறேன்.