பூட்டிய வீட்டில் மீன் தொட்டி



கோடை விடுமுறையில் நாம் ஊருக்குச் சென்றால் மீன்களை யார் பார்ப்பது என்னும் கவலையாலேயே நம்மவர் பலர் தொட்டி வைக்கத் தயங்குகின்றனர். மலாயா, சாவகம் முதலிய நாடுகளின் மீனும் செடியும் அக்கவலையைப் பெரிதும் குறைக்கும்.

ஐதராபாத் பாறை நிலம்; ஆழ்குழாய் நீர் பெரும்பாலும் கடினமானது. 1904-இல் டுங்கர் என்னும் ஜெர்மானியர் பெயரிட்ட ஹார்லெக்வின் ரஸ்போராவோ மலாயாக் காட்டோடைகளின் மென்னீரில் பிறந்தது. ஆகவே மழைநீரைப் பிடித்துக் கலத்தல் நன்று. சாவகப் பெரணிக்கு, கடைக்காரர் மொழியில் ஜாவா ஃபெர்னுக்கு, இத்தொல்லை இல்லை. மங்கிய ஒளியிலும் தழைக்கும். அதன் தண்டை மணலிற் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலாற் கட்டுக. கிரிப்டோகோரைன் இடம் மாறியதும் இலைகள் கரைந்து விழும். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! வேர் மீண்டும் துளிர்க்கும்.

செடி நட்டபின் சிறிது மீனுணவு மட்டும் இட்டு ஐந்தாறு வாரம் காத்திருத்தல் வேண்டும். கழிவின் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்கள் அதற்குள் பெருகும்; நைட்ரேட்டைச் செடிகள் உண்ணும். சிறுவர்கள்தாம் பொறுக்கமாட்டார்கள்!

வெயில் 40 பாகையைத் தாண்டும் ஊர் இது. சன்னலோரம் தொட்டிக்கு ஆகாது. வளர்ந்த மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும். அதற்கு மேலாயின், நாளுக்கொரு பொட்டலமாக மடித்து அண்டை வீட்டாரிடம் கொடுத்துச் செல்க. டப்பாவை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். இரக்கத்தால் அள்ளிப் போட்டு, நீர் கெட்டு மாண்ட மீன்களே மிகுதி.